பக்கவாத நோயாளி ஏன் மறுபடியும் அட்மிட் ஆகிறார்?

பக்கவாதம் வந்து, பிழைத்து, வீடு திரும்பியவர்களில் பலர் அடுத்த சில வாரங்களிலேயே மறுபடியும் அட்மிட் ஆகிறார்கள். இதை ஒழுங்காகக் கணக்கெடுக்கும் நாடுகளில் ஒன்று அமெரிக்கா. அங்கே வீடு திரும்பிய 30 நாளுக்குள் ஏறத்தாழ எட்டில் ஒருவர் திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார். ஏன் என்று வீட்டாரைக் கேட்டால், “மறுபடியும் ஸ்ட்ரோக் வந்துடுச்சு” என்பதுதான் சட்டென்று வரும் பதில். பல நேரம் அது சரியில்லை. இரண்டாவது ஸ்ட்ரோக் வரத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு ஈடாக நோயாளியைத் திரும்பக் கொண்டுவருவது தொற்று: நெஞ்சில் சளி, சிறுநீரில் கிருமி. அதற்கடுத்து, கீழே விழுந்து எலும்பை முறித்துக்கொள்வது, சுகர் இறங்கி மயங்குவது, உடம்பில் சோடியம் குறைவது, ரத்தக்கசிவு, வலிப்பு, இதயக் கோளாறு என்று வரிசை நீள்கிறது.

இவற்றில் பலவும் மூளைக்குள் நடப்பவை அல்ல. சோறு ஊட்டும் இடத்திலும், குளியலறை வாசலிலும், மாத்திரை டப்பாவிலும் நடப்பவை. அங்கெல்லாம் டாக்டர் இருக்க மாட்டார். மனைவியோ மகளோ மருமகளோதான் இருப்பார். அவருக்கு யாரும் எதையும் செய்து காட்டியிருக்க மாட்டார்கள். டிஸ்சார்ஜ் அன்று பில், இன்சூரன்ஸ் கையெழுத்து, வண்டி ஏற்பாடு என்று அலைந்துகொண்டிருக்கும் குடும்பத்தின் கையில் ஒரு ஃபைலைக் கொடுத்து, “ஒரு வாரம் கழிச்சு ஓபிக்கு வாங்க” என்று அனுப்பிவிடுகிறார்கள். திரும்ப அட்மிட் ஆவதில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் அந்த ஃபைலைத் திறப்போம். பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது ஒன்று. சம்மரியில் ‘இஸ்கீமிக்’ அல்லது ‘இன்ஃபார்க்ட்’ என்று இருக்கும். குழாய் உடைந்து ரத்தம் கசிவது இன்னொன்று. அதற்கு ‘ஹெமரேஜ்’ என்று எழுதியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான்: கை கால் வராது, வாய் கோணும், பேச்சு குழறும். மருந்து மட்டும் வேறு. அடைப்பு வந்தவருக்கு ரத்தம் உறையாமல் காக்கும் ஆஸ்பிரின் அவசியம். கசிவு வந்தவருக்கு அதே மாத்திரை, டாக்டர் யோசித்துச் சொன்னாலொழிய, ஆபத்து. ‘எங்க மாமாவுக்கும் பக்கவாதம்தான், அவருக்கு இதைத்தான் கொடுத்தாங்க’ என்று யாராவது ஒரு அட்டையை நீட்டினால் வாங்காதீர்கள். உங்கள் வீட்டு நோயாளிக்கு வந்தது எந்த வகை என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆரம்ப நாட்களில் விழுங்குவதில் சிக்கல் இருக்கும். தொண்டைக்குள் உணவுக்குழாயும் மூச்சுக்குழாயும் முன்னும் பின்னுமாக இருக்கின்றன. விழுங்கும் கணத்தில் மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். மூளையிலிருந்து உத்தரவு வரத் தாமதமானால், அது மூடுவதற்குள் கஞ்சி உள்ளே இறங்கிவிடும். நமக்கு என்றால் புரையேறும், இருமித் தள்ளிவிடுவோம். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு அந்த இருமலே வராது. வேளைக்குக் கொஞ்சமாக, சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் போய்ச் சேர்ந்து, சில நாளில் காய்ச்சல், மூச்சிரைப்பு, நிமோனியா என்று வந்து நிற்கும்.

ஒரு வீட்டில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். நோயாளி படுத்திருக்கிறார், தலைக்கு இரண்டு தலையணை. “இன்னும் ரெண்டே வாய்தாம்பா, வாயைத் திற” என்று மகள் ஊட்டுகிறாள். வாயில் உணர்ச்சி இல்லாத பக்கத்துக் கன்னத்தில் போன வாய் இட்லி அப்படியே ஒதுங்கியிருக்கிறது. அது அவருக்கே தெரியாது. அதன் மேல் அடுத்த வாய். தொண்டையில் நிற்கிறதோ என்று டம்ளரைச் சாய்த்துத் தண்ணீர். எதிரே டிவி ஓடுகிறது, அவர் கவனம் அதில். மகளின் அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் செய்வது ஒவ்வொன்றும் அப்பாவின் நுரையீரலுக்குக் கெடுதல்.

செய்ய வேண்டியது இது. இடுப்பு மடங்கும்படி நேராக நிமிர்த்தி உட்கார வையுங்கள். டிவியை நிறுத்துங்கள். சின்ன ஸ்பூனில் கொடுங்கள். தொண்டைக்குமிழ் ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த ஸ்பூன். நடு நடுவே ‘ஆ’ என்று சொல்லச் சொல்லுங்கள். குரல் சளி கட்டினாற்போல் கொழகொழவென்று வந்தால் அந்த வேளைச் சாப்பாட்டை அதோடு நிறுத்திவிட வேண்டும். பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு மிகவும் கடினமானது தண்ணீர்தான். அது சட்டென்று ஓடிவிடும். அதனால்தான் சிலருக்குக் கூழ் பதத்தில் கொடுக்கச் சொல்கிறார்கள். எந்தப் பதம் என்பதை விழுங்குதலைச் சோதித்துப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும், நாமாக ஊகிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். வாயைக் காலையும் இரவும் சுத்தம் செய்யுங்கள். வாயில் சேரும் கிருமிகள்தான் எச்சிலோடு கீழே இறங்குகின்றன. மூக்கு வழியாக டியூப் போட்டிருந்தாலும் தலைமாட்டை உயர்த்தித்தான் ஊற்ற வேண்டும். ‘பாவம், நாக்கு வறண்டுபோச்சு’ என்று வாய் வழியாக ஒரு மடக்குத் தண்ணீர் கொடுப்பது டியூப் போட்டதன் பயனையே கெடுத்துவிடும்.

இவ்வளவு சின்ன விஷயங்களா ஒருவரின் விதியைத் தீர்மானிக்கும் என்று கேட்கலாம். 2011-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 ஆஸ்பத்திரிகளின் பக்கவாதப் பிரிவுகளில் நடந்த ஆய்வு வெளியானது. புது மருந்து எதுவும் இல்லை, புது இயந்திரமும் இல்லை. காய்ச்சலைக் கவனி, சுகரைக் கவனி, விழுங்க முடிகிறதா என்று சோதித்த பிறகே வாய் வழியாகக் கொடு என்று நர்சுகளுக்கு மூன்றே விதிகள். 90 நாள் கழித்துப் பார்த்தபோது, இந்த முறையைக் கடைப்பிடிக்காத பிரிவுகளில் இறந்தவர்களும் பிறர் தயவில் வாழ்ந்தவர்களும் சேர்ந்து 58 சதவீதம், கடைப்பிடித்தவற்றில் 42. விலை உயர்ந்த பல மருந்துகளால் இதைச் சாதிக்க முடியாது.

சிறுநீர் விஷயமும் இப்படித்தான். டியூப் எத்தனை நாள் உள்ளே இருக்கிறதோ அவ்வளவுக்குத் தொற்று வரும் வாய்ப்பு கூடும். ‘வசதியாக இருக்கிறது, இருக்கட்டும்’ என்று அதை விட்டுவைக்கிற வீடுகள் உண்டு. அதை எப்போது எடுக்க வேண்டும் என்பதை டிஸ்சார்ஜின்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று எரிச்சலாகவோ வலியாகவோதான் தெரிய வேண்டும் என்பதில்லை; நேற்று வரை பேசியவர் இன்று உளறுவார், அல்லது எழுப்பினாலும் எழாமல் தூங்கிக்கொண்டே இருப்பார். படுக்கைப்புண்ணுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பதுதான் வழி. ஏர் பெட் உதவும், ஆனால் அதை வாங்கிப் போட்டுவிட்டால் புரட்ட வேண்டாம் என்று அர்த்தமில்லை. புரட்டும்போது வராத கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு பிசகிவிடும்.

இனி மாத்திரை. ஸ்ட்ரோக் வருவதற்கு முன்பே பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை சாப்பிட்டவர்கள்தான் அதிகம். ஆஸ்பத்திரியில் அதை மாற்றிப் புதிதாக எழுதியிருப்பார்கள். வீட்டு அலமாரியில் பழைய அட்டைகள் அப்படியே இருக்கும். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இரண்டு தடவை உள்ளே போகும். பழைய மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு டிஸ்சார்ஜ் அன்று கொண்டுபோய், எது தொடரும், எது நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, வேண்டாதவற்றை அங்கேயே கழித்துவிட்டு வாருங்கள்.

சுகர் மாத்திரையில் ஒரு பொறி இருக்கிறது. முன்பு மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டவருக்கு எழுதிய கிளிமெபிரைடையோ இன்சுலினையோ, இப்போது அரை டம்ளர் கஞ்சி குடிப்பவருக்கு அதே அளவில் கொடுத்தால் விடிகாலையில் சுகர் 50-க்குக் கீழே இறங்கிக் கிடப்பார். சாப்பாடு குறைந்தால் டாக்டருக்குப் போன் செய்து அளவைக் கேளுங்கள். சோடியமும் அப்படி. ‘பிரஷர் நோயாளி, உப்பே கூடாது’ என்று அறவே நிறுத்திவிட்டு, கூடவே சிறுநீர் போகவைக்கும் பிரஷர் மாத்திரையும் கொடுக்கும்போது, வயதானவருக்கு ரத்தத்தில் சோடியம் சரிந்து குழப்பமும் மயக்கமும் வரும். உப்பைக் குறைக்கச் சொன்னால் குறையுங்கள். டாக்டர் சொல்லாமல் ஒரேயடியாக நிறுத்தாதீர்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளுக்கு இன்னும் கவனம் வேண்டும். லேசான அடைப்பு வந்த 5170 பேரிடம் சீனாவில் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவினருக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சேர்த்து முதல் 21 நாளும், பிறகு குளோபிடோக்ரல் மட்டும் 90 நாள் வரையும் கொடுத்தார்கள். ஆஸ்பிரின் மட்டும் சாப்பிட்டவர்களில் 11.7 சதவீதம் பேருக்கு மறுபடி ஸ்ட்ரோக் வந்தது. சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 8.2. கவனிக்க வேண்டியது அந்த 21 என்ற கணக்கு. சிலர் கை கால் அசையத் தொடங்கியதும் பத்தாம் நாளே இரண்டையும் நிறுத்திவிடுகிறார்கள். சிலர் அதே பழைய சீட்டைக் காட்டி இரண்டையும் வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிட்டு, வயிற்றில் ரத்தம் கசிந்து, மலம் தார் போலக் கறுத்துப் போய் வருகிறார்கள். இரண்டில் எதை, எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும் என்பது சீட்டில் எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு எழுதச் சொல்லுங்கள். இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பதால் ரத்தக்கட்டி உருவாகி ஸ்ட்ரோக் வந்தவர்களுக்கு வார்ஃபரின், அசிட்ரோம் போன்றவற்றை எழுதுவார்கள். இவற்றைச் சாப்பிடுபவர், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைப் பார்க்கும் ஐஎன்ஆர் டெஸ்ட்டைத் தவறவிடக் கூடாது. இந்த மருந்துகளில் எதைச் சாப்பிட்டாலும், மூட்டு வலிக்கென்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரை வேண்டாம்.

இதற்கிடையில் குடும்பத்தைப் பெரிதும் பயமுறுத்தும் ஒன்று நடக்கலாம். கை தூக்கத் தொடங்கியிருந்தவருக்கு ஒரு நாள் கை மறுபடி விழுந்துவிடும், பேச்சு மறுபடி குழறும். ஸ்கேன் எடுத்தால் புதிதாக ஒன்றும் இருக்காது. காய்ச்சலோ, சுகர் குறைவோ, சோடியம் குறைவோ வரும்போது, மூளையில் ஏற்கெனவே அடிபட்ட பகுதி தாக்குப்பிடிக்க முடியாமல் பழைய ஊனத்தையே திரும்பக் காட்டும். அந்தக் காரணத்தைச் சரிசெய்தால் பழையபடி தெளிவார். ஆனால் இதை வீட்டில் உட்கார்ந்து பிரித்தறிய முடியாது. முகம் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அது புது ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

நிஜமான இரண்டாவது ஸ்ட்ரோக்கைத் தடுப்பதில் முதலிடம் பிரஷருக்கு. 2001-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், ஏற்கெனவே ஸ்ட்ரோக்கோ அதன் முன்னெச்சரிக்கைத் தாக்குதலோ வந்த 6105 பேரைச் சுமார் நான்கு வருடம் பின்தொடர்ந்தார்கள். பிரஷரைக் குறைக்கும் மருந்து சாப்பிட்டவர்களுக்கு மறுபடி ஸ்ட்ரோக் வருவது 28 சதவீதம் குறைந்தது. பிரஷர் அவ்வளவாக உயராதவர்களுக்கும் பலன் கிடைத்தது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் மூன்றாவது வாரம் வாக்கில் யாராவது ஒருவர் வந்து, பக்கவாதத்துக்கு இன்ன ஊரில் எண்ணெய் தேய்க்கிறார்கள், புறா ரத்தம் தடவினால் கால் வந்துவிடும் என்று சொல்வார். படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவை எழுப்பி நடக்க வைத்துவிட மாட்டோமா என்ற தவிப்பில் குடும்பம் வண்டி பிடிக்கும். அந்தத் தவிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். புறா ரத்தத்தால் நரம்புக்கு எந்த நன்மையும் இல்லை. அதைவிடப் பெரிய கெடுதல் அங்கே சொல்லும் அடுத்த வாக்கியத்தில் இருக்கிறது: “இந்த வைத்தியம் பார்க்கும்போது இங்கிலீஷ் மருந்து கூடாது.” அன்றோடு பிரஷர் மாத்திரை நிற்கும். முதல் ஸ்ட்ரோக்கில் ஒரு கையை இழந்தவர் இரண்டாவதில் எல்லாவற்றையும் இழப்பது இப்படித்தான்.

விழுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இரவு இரண்டு மணிக்கு யாரையும் எழுப்ப மனமில்லாமல் தனியாக எழுந்து பாத்ரூம் போகும்போதுதான் பலர் விழுகிறார்கள். ராத்திரி விளக்கு, சுவரில் ஒரு கைப்பிடி, ஈரமில்லாத தரை, கட்டிலுக்குப் பக்கத்திலேயே யூரின் கேன். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்துக்கு வராது. நடக்கும்போது கதவுநிலையில் மோதிக்கொள்வார்கள். அவர்களைத் தனியே நடக்க விடக் கூடாது. ஏறத்தாழ மூன்றில் ஒருவரை மனச்சோர்வும் பிடித்துக்கொள்கிறது. ‘எனக்கெதுக்கு மாத்திரை’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பிடிவாதம் என்று திட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்து இருக்கிறது.

குடும்பத்துக்குக் கற்றுக்கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இந்தியாவில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நாட்டின் 14 ஆஸ்பத்திரிகளில் 1250 நோயாளிகளைச் சேர்த்து, வீட்டில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து உடற்பயிற்சி செய்யவைத்த ‘அட்டெண்ட்’ ஆய்வு 2017-இல் வெளியானது. ஆறு மாதம் கழித்து, பயிற்சி பெற்ற வீடுகளிலும் பெறாத வீடுகளிலும் இறந்தவர்களும் பிறர் தயவில் இருந்தவர்களும் சேர்ந்து 47 சதவீதம்தான், வித்தியாசமே இல்லை. அடுத்து ‘ஸ்பிரிண்ட் இந்தியா’ ஆய்வில் 31 மையங்களில் 4298 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு அவரவர் மொழியில் எஸ்எம்எஸ்ஸும் வீடியோவும் ஒரு கையேடும் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடும் பழக்கம் போன்றவை கொஞ்சம் மேம்பட்டன. மறுபடி ஸ்ட்ரோக் வருவது குறையவில்லை. இவற்றைப் படித்துவிட்டுப் பயிற்சியே வீண் என்று நான் நினைக்கவில்லை. உடற்பயிற்சியின் முழுச் சுமையையும் பிசியோதெரபிஸ்டிடமிருந்து எடுத்து மருமகள் தலையில் வைக்க முடியாது என்பதும், போனில் வரும் செய்தி ஒரு மனிதர் நேரில் வந்து பார்ப்பதற்கு ஈடாகாது என்பதும்தான் இவை சொல்வது. நர்சு பக்கத்தில் நின்று, நீங்கள் ஊட்டுவதைப் பார்த்துத் திருத்துவது வேறு விஷயம்.

திரும்ப அட்மிட் ஆவதே தோல்வி என்றும் எண்ண வேண்டாம். கழுத்து ரத்தக்குழாய் அறுவைக்கோ, வீக்கத்துக்காக எடுத்த மண்டை எலும்பைத் திரும்பப் பொருத்தவோ வருவது திட்டமிட்ட வருகை. அமெரிக்க அரசு 2012-இல், 30 நாளுக்குள் திரும்பும் நோயாளிகள் அதிகமுள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் பணத்தைக் குறைக்கத் தொடங்கியது. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா ஆகியவற்றில் தொடங்கிய அந்தத் தண்டனைப் பட்டியலில் பக்கவாதம் இல்லை. பிற்பாடு, இதயச் செயலிழப்பில் மறு அட்மிஷன் குறைந்த காலத்திலேயே சாவு கூடியிருக்கிறது என்று சில ஆய்வுகள் எச்சரித்தன. தண்டனைதான் காரணமா என்று அங்கே இன்னும் விவாதம் நடக்கிறது. வர வேண்டியவரை வரவிடாமல் செய்வது யாருக்கும் நல்லதல்ல. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி, திடீரென்று மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். காலில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, பலர் அதைக் கேட்பதில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டிலேயே செய்கிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிவு செய்யுங்கள். தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் என்றாலும் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் ஒருவர் இப்போது பக்கவாதத்தோடு வார்டில் இருக்கிறார் என்றால், பில் கட்டப் போகிறவர் யார் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் அவருக்கு ஊட்டப் போகிறவர் யார் என்று இன்றே முடிவு செய்யுங்கள். டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்பிருந்து அவர் வார்டில் இருக்கட்டும். ஒரு வேளைச் சாப்பாட்டையாவது நர்சு பார்க்க அவர் கையால் கொடுக்கட்டும், ஒரு தடவையாவது பிசியோதெரபிஸ்ட் பார்க்க நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கட்டும். ‘நேரமில்லை’ என்று சொன்னால், மரியாதையாக மறுபடியும் கேளுங்கள். அது உங்கள் உரிமை.